ஆட்குறைப்புக்கு முன்பே தொடங்கிவிடும் பாதிப்பு: பொருளியல் சரிவும் ஊழியர் நலனும்

பொருளியல் சரிவைப் பற்றிய செய்திகளில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் எண்களே. உள்நாட்டு மொத்த உற்பத்தி எத்தனை விழுக்காடு சுருங்கியது, அந்தக் காலாண்டில் எத்தனை பேர் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள், வேலையின்மை விகிதம் எவ்வளவு உயர்ந்தது என்பனவற்றை நாளிதழ்கள் தவறாமல் தருகின்றன. ஆனால் வேலை இழந்தவர்களைக் கணக்கெடுக்கும் அந்தப் பட்டியலில், அடுத்த பெயர் தன்னுடையதாக இருக்குமோ என்ற அச்சத்துடன் ஆறு மாதமாக அலுவலகம் சென்று வருபவர் இடம்பெறுவதில்லை. சரிவு மனிதர்களை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவரிடமிருந்து தொடங்குவதே சரி என்று கருதுகிறேன். ஏனெனில் பாதிப்பின் பெரும்பகுதி வேலை போகும் நாளுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. வேலை போகாதவர்களுக்கும் நிகழ்கிறது.

முதலில் அடிப்படை. ஒரு நாட்டின் உற்பத்தி அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகளுக்கு, ஒவ்வொரு முறையும் முந்தைய காலாண்டைவிடக் குறைந்தால், அதைப் பொருளியல் மந்தநிலை என்று அழைப்பது வழக்கம். சிங்கப்பூரின் ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றின் கூட்டு மதிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், இங்கு வரும் சரிவுகளில் பல வெளியிலிருந்து வந்தவை. 1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயம் வீழ்ந்தது. மறு ஆண்டு இங்கு ஆட்குறைப்பு பெருகியது. 2001இல் உலகளவில் மின்னணுப் பொருள்களுக்கான தேவை சரிந்தபோது இங்குள்ள தொழிற்சாலைகள் அடிவாங்கின. 2008 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு முதலீட்டு வங்கி நொடித்ததன் அதிர்ச்சி சில மாதங்களில் இங்கு தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங்கில் உணரப்பட்டது. ஒருவர் எத்தனை ஆண்டுகள் நேர்மையாக, திறமையாக உழைத்திருந்தாலும், அவருடைய வேலையின் கதி அவர் பார்த்தேயிராத ஓர் ஊரில் முடிவாகக்கூடும் என்பதுதான் இதன் பொருள். இந்தக் கையறு நிலையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது

வேலை கடினமாக இருப்பதால் மட்டும் மன அழுத்தம் வருவதில்லை. 1979இல் ராபர்ட் கரசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர், வேலை ஒருவரிடம் எவ்வளவு கேட்கிறது என்பதையும் அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். சுமை அதிகமாகவும் உரிமை குறைவாகவும் உள்ள வேலைதான் உடலையும் மனத்தையும் மிகுதியாக வாட்டுகிறது. 1996இல் ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் இன்னொரு கோணத்தைக் கொண்டுவந்தார். நாம் செலுத்தும் உழைப்புக்கும் அதற்குக் கிடைக்கும் பலனுக்கும் இடையே சமநிலை குலைந்தால் அழுத்தம் பிறக்கிறது என்பது அவர் கருத்து. பலன் என்று அவர் குறிப்பிட்டது சம்பளத்தை மட்டும் அன்று. மதிப்பு, பதவி உயர்வுக்கான வாய்ப்பு, வேலை நிலைக்கும் என்ற உறுதி ஆகியவையும் அதில் அடங்கும்.

இவ்விரு விளக்கங்களையும் சரிவுக் காலத்து அலுவலகம் ஒன்றில் பொருத்திப் பாருங்கள். புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்படுகிறது. விலகியவரின் வேலை இருப்பவர்களுக்குப் பகிரப்படுகிறது. ஆகவே சுமை கூடுகிறது. முடிவுகள் மேலிடத்தில், சில வேளைகளில் வேறொரு நாட்டிலுள்ள தலைமையகத்தில் எடுக்கப்படுகின்றன. ஆகவே உரிமை குறைகிறது. போனஸ் சுருங்குகிறது, பதவி உயர்வு தள்ளிப்போகிறது, வேலை நிலைக்குமா என்பதே தெரியவில்லை. ஆகவே பலனும் குறைகிறது. நல்ல காலத்தில் இவற்றில் ஒன்று கெட்டால் மற்றொன்று ஈடுகட்டும். சரிவுக் காலத்தில் அனைத்தும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் நகர்கின்றன.

உடல் இதற்கு எதிர்வினை ஆற்றுகிறது. ஆபத்தை உணரும்போது கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சுரந்து, இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தி நம்மை விழிப்பாக வைத்திருக்கின்றன. ஓரிரு மணி நேரம் நீடிக்கும் நெருக்கடிக்கு இது தேவையான ஏற்பாடு. மாதக்கணக்கில் நீடிக்கும்போது உறக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது, சிறு விஷயங்களுக்கும் எரிச்சல் வருகிறது, ஏற்கெனவே நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு அவற்றைக் கட்டுப்பாட்டில் வைப்பது கடினமாகிறது. இதையெல்லாம் மனத்திடம் இல்லாமையாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது தவறு; நீண்ட காலம் நீடிக்கும் அச்சுறுத்தலுக்கு எந்த உடலும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

காத்திருக்கும் காலம்

பிரிட்டனில் அரசு ஊழியர்களின் உடல்நலத்தை 1985 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்த ஓர் ஆய்வு, இரண்டாம் வைட்ஹால் ஆய்வு என்ற பெயரில் அறியப்படுகிறது. ஆய்வு நடந்துகொண்டிருந்த காலத்தில் அதில் பங்கேற்றவர்களின் துறைகளில் ஒன்று தனியார்மயமாகப் போவதாகத் தெரியவந்தது. ஆய்வாளர்களுக்கு இது அரிய வாய்ப்பாக அமைந்தது. மாற்றம் வருமுன்னும் வந்தபின்னும் அதே மனிதர்களின் நலத்தை மற்றத் துறையினரோடு ஒப்பிட முடிந்தது. எவருக்கும் இன்னும் வேலை போகாத, மாற்றம் வரப்போகிறது என்று மட்டும் தெரிந்திருந்த காலத்திலேயே அத்துறையினர் தங்கள் உடல்நலம் மோசமடைந்ததாகத் தெரிவித்திருந்தனர். வேலை நிலைக்குமா என்ற ஐயம் நீடிப்பது, வேலையின்மைக்கு ஏறத்தாழ நிகரான தீங்கை உடல்நலத்துக்கு விளைவிக்கக்கூடும் என்பதைப் பின்னர் வந்த பல ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இது ஏன்? வேலை போய்விட்டால், வேதனையானதுதான் என்றாலும், அடுத்து என்ன செய்வது என்று திட்டமிட ஒரு தொடக்கப்புள்ளி கிடைக்கிறது. ஐயத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறலாமா, மகளின் துணைப்பாட வகுப்பை நிறுத்தலாமா, வேறு வேலை தேடத் தொடங்கினால் மேலாளரின் காதுக்கு எட்டி அதுவே பட்டியலில் பெயர் சேரக் காரணமாகிவிடுமா என்று எந்த முடிவையும் எடுக்க முடியாமல் அவர் நாள்களைக் கடத்துகிறார். மேலாளர்கள் மூடிய கதவுக்குப் பின்னால் கூடிப் பேசினால், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால், வழக்கமான கூட்டம் ஒன்று காரணமின்றி ரத்தானால், ஒவ்வொன்றையும் ஓர் அறிகுறியாகவே அவரது மனம் படிக்கிறது.

நிறுவனத்தின் மௌனம் இங்கு பெரும் தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. "இன்னும் எதுவும் முடிவாகவில்லை, எனவே இப்போது எதையும் சொல்ல வேண்டாம்" என்று மேலதிகாரிகள் நல்லெண்ணத்துடனேயே நினைக்கலாம். ஆனால் சொல்லப்படாத இடத்தை வதந்தி நிரப்பிவிடுகிறது. என்ன தெரியும், என்ன இன்னும் முடிவாகவில்லை, எப்போது முடிவு தெரியும் என்ற மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனம், செய்தி கசப்பானதாகவே இருந்தாலும், தன் ஊழியர்களுக்குத் திட்டமிடும் ஆற்றலைத் திருப்பித் தருகிறது. இதற்குப் பணச் செலவு ஏதுமில்லை.

சம்பளத்தில் கை வைக்கும்போது

ஆட்களைக் குறைப்பதற்குப் பதிலாக அனைவருடைய ஊதியச் செலவையும் சற்றுக் குறைத்து வேலைகளைக் காப்பாற்றுவது சிங்கப்பூரில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வழி. 1985 மந்தநிலையைத் தொடர்ந்து, 1986இல் மத்திய சேம நிதிக்கு, அதாவது ஊழியரின் கட்டாயச் சேமிப்புக்கு, முதலாளிகள் செலுத்தவேண்டிய சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டது. ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1999 தொடக்கத்தில், அதற்குள் 20 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்த அது மீண்டும் 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. பின்னர் அணுகுமுறை மாறியது. 2009இல் அரசாங்கம் உள்ளூர் ஊழியர்களின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காட்டை நிறுவனங்களுக்கு அளித்தது. 2020இல் வேலை ஆதரவுத் திட்டத்தின்கீழ், துறையைப் பொறுத்து, முதல் 4,600 வெள்ளியில் 25 முதல் 75 விழுக்காடு வரை வழங்கியது.

சுமையை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் இந்த முறை பல வேலைகளைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதற்குரிய மன அழுத்தமும் உண்டு. அது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. சேம நிதிச் சந்தா குறைந்தால் கையில் வாங்கும் சம்பளம் அப்படியேதானே இருக்கிறது என்று வெளிநாட்டவர் ஒருவர் கேட்கலாம். இங்கு வீட்டுக் கடனின் மாதத் தவணையைப் பெரும்பாலான குடும்பங்கள் சேம நிதியிலிருந்தே கட்டுகின்றன. சந்தா குறைந்து, சேம நிதியில் வீட்டுக்காகப் பயன்படுத்தக்கூடிய சாதாரணக் கணக்கில் இருப்பும் போதாவிட்டால், மீதியை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும். அந்த ரொக்கம் மளிகைச் செலவிலிருந்தோ ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணத்திலிருந்தோதான் வர வேண்டும். இவ்வாறு, ஒரு காலாண்டு அறிக்கையில் ஒற்றை வரியாக வரும் மாற்றம், கணவன் மனைவிக்கு இடையே இரவு நேர வாக்குவாதமாகிறது. வீட்டில் சரியாக உறங்காதவர் மறுநாள் வேலையில் கவனம் இழக்கிறார்; வேலையில் கண்டிக்கப்பட்டவர் அதே சோர்வை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

எஞ்சியவர்கள்

ஆட்குறைப்பு நடந்து முடிந்ததும், தப்பித்தவர்கள் நிம்மதி அடைவார்கள் என்று எதிர்பார்ப்போம். முதல் சில நாள்களுக்கு அப்படித் தோன்றவும் செய்யும். ஆனால் பத்தாண்டுகள் பக்கத்து மேசையில் அமர்ந்திருந்தவர் ஒரே நாளில் அட்டைப்பெட்டியுடன் வெளியேறியதைப் பார்த்தவருக்குக் குற்றவுணர்வு இருக்கும், கோபம் இருக்கும், அடுத்த சுற்றைப் பற்றிய அச்சமும் இருக்கும். கூடவே அவருடைய வேலையும் இவர் தலையில் வந்திருக்கும்.

இதைப் பற்றிய தெளிவான சான்றுகளில் சில ஃபின்லாந்திலிருந்து வருகின்றன. 1990களின் தொடக்கத்தில் அந்நாடு கடுமையான மந்தநிலைக்குள் விழுந்தபோது நகராட்சிகள் ஆள்களைக் குறைத்தன. ரைசியோ என்ற நகரில் வேலையில் நீடித்த ஊழியர்களைக் கவனித்த ஆய்வாளர்கள், பெருமளவில் ஆட்குறைப்பு நடந்த பிரிவுகளில் எஞ்சியவர்கள் நோய்விடுப்பு எடுத்த விகிதம், சிறிதளவே குறைப்பு நடந்த பிரிவுகளைப்போல் 2.3 மடங்கு இருந்ததாகக் கண்டனர். பத்து நகரங்களை உள்ளடக்கி 2004இல் வெளியான தொடர் ஆய்வு, பெருங்குறைப்புக்குப் பிறகு எஞ்சியவர்களிடையே இதயநோயால் நேரும் மரணங்களும் அதிகரித்ததைக் காட்டியது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அதன்மீது நம் முதலாளிகள் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நோய்விடுப்பு நிரந்தர ஊழியர்களிடையே கூடியது. தற்காலிக ஊழியர்களிடையே கூடவில்லை. தற்காலிக ஊழியர்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள நான் தயங்குவேன். விடுப்பு எடுத்தால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று அஞ்சியிருக்கக்கூடும் என்பதே எனக்கு இயல்பான விளக்கமாகத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் வேலை நியமனச் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வெளிநோயாளி மருத்துவ விடுப்பையும், அதையும் சேர்த்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் 60 நாள் வரையிலான விடுப்பையும் தகுதிபெறும் ஊழியருக்கு அளிக்கிறது. ஆனாலும் சரிவுக் காலத்தில் எம்சி எனப்படும் மருத்துவ விடுப்பு எடுக்கத் தயங்கி, காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருபவர்களை எந்த அலுவலகத்திலும் காணலாம். எம்சி எண்ணிக்கை குறைவதைப் பார்த்து ஊழியர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று மேலாளர் மகிழ்வது பிழையான முடிவாக இருக்கலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சரிவு எல்லா வகையிலும் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று கூற முடியாது. அமெரிக்கப் பொருளியலாளர் கிறிஸ்டோபர் ரூம் 1972 முதல் 1991 வரையிலான தரவுகளை ஆராய்ந்து, வேலையின்மை உயரும்போது அந்நாட்டில் மொத்த மரண விகிதம் சற்றுக் குறைந்ததை எடுத்துக்காட்டினார். சாலை விபத்து மரணங்கள் குறைந்தது அதற்கு ஒரு காரணம். ஆனால் அதே ஆய்வில் தற்கொலைகள் எதிர்த்திசையில் சென்றன. ஒட்டுமொத்தச் சராசரிகள் மனத்தின் பாதிப்பை மறைத்துவிடக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

எல்லாருக்கும் ஒரே சரிவு அல்ல

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களில் பலருக்குச் சரிவின் முதல் அறிகுறி ஆட்குறைப்புக் கடிதம் அன்று. மேலதிக நேர வேலை நின்றுபோவதுதான். அடிப்படைச் சம்பளம் குறைவாக உள்ள கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறையிலும் வருமானத்தின் கணிசமான பகுதி ஓவர்டைமிலிருந்தே வருகிறது. அது நின்றால், இங்கு வருவதற்கு முகவரிடம் கட்டிய தொகைக்காக ஊரில் வாங்கிய கடனின் வட்டி மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கும். தஞ்சாவூரிலோ சிவகங்கையிலோ இருக்கும் குடும்பத்துக்கு நிலைமை தெரியாது. தெரிவிக்கவும் அவர்களுக்கு மனம் வராது. "நல்லா இருக்கேன்மா" என்றுதான் தொலைபேசியில் சொல்வார்கள்.

திறன்பெற்ற வெளிநாட்டவர்களுக்கான வேலை அனுமதிகளான எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ் அட்டையில் இருப்பவர்களின் நிலை வேறு. வேலை போனால் அட்டையும் ரத்தாகும்; பொதுவாக 30 நாள் தங்குவதற்கே அனுமதி கிடைக்கும். அந்த ஒரு மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் வாடகை வீட்டு ஒப்பந்தத்தை முறித்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விடுவித்து ஊர் திரும்ப வேண்டும். இவர்களுக்கு வேலை இழப்பது, வசிக்கும் நாட்டையே இழப்பதாகிறது.

நடுத்தர வயதுச் சிங்கப்பூரருக்கு இழப்பு வேறு வடிவில் வருகிறது. வேலை நமக்குச் சம்பளத்தைத் தவிர, நாளுக்கு ஓர் ஒழுங்கையும் குடும்பத்துக்கு வெளியே மனிதர்களின் தொடர்பையும் பொதுவான நோக்கத்தையும் சமூகத்தில் ஓர் இடத்தையும் தொடர்ந்து செயல்படவேண்டிய தேவையையும் தருகிறது என்று மரீ யஹோடா விளக்கினார். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியென்தால் கிராமத்தில், இருந்த ஒரே ஆலை மூடப்பட்டபின் அங்கு நடந்த கள ஆய்வில் பங்கேற்றவர் அவர். நேரம் ஏராளமாக இருந்தும் அக்கிராமத்தார் நூலகத்தில் நூல் எடுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்திருந்தது. வேலை போனதை வீட்டில் சொல்லாமல், வழக்கமான நேரத்தில் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டு, பகலை வட்டார நூலகத்திலோ உணவங்காடி நிலையத்திலோ கழித்துவிட்டுத் திரும்புபவர் உண்மையில் இழந்த அந்த ஒழுங்கையும் இடத்தையும் பற்றிக்கொள்ள முயல்கிறார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் நம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், உதவி நாட வேண்டிய முதல் வாரங்களிலேயே அவர் தனித்துப்போகிறார். மனைவியோ அண்ணனோ "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்பதைவிட, "இந்த மாசத் தவணைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்பது பல மடங்கு உதவும்.

எவை உண்மையில் உதவுகின்றன

ஆட்குறைப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும், அதற்கு முன் பயிற்சி, வேறு பிரிவுக்கு மாற்றம், குறைந்த வேலை நாள், சம்பளச் சீரமைப்பு போன்றவற்றை முயல வேண்டும் என்றும் மனிதவள அமைச்சு, தொழிற்சங்கக் காங்கிரஸ், முதலாளிகள் சம்மேளனம் ஆகிய மூன்று தரப்பும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஊழியர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் அது வலியுறுத்துகிறது. பத்து பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால், ஊழியரிடம் தெரிவித்த ஐந்து வேலை நாள்களுக்குள் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். ஈராண்டுக்குக் குறையாமல் பணியாற்றியவர்களுக்கு, சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரையிலான சம்பளத்தை இழப்பீடாகத் தருவது நடைமுறையில் உள்ளது. ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அதைத் தரவேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. ஆகவே பணி ஒப்பந்தத்தை நல்ல காலத்திலேயே எடுத்து, இப்பகுதியையும் முன்னறிவிப்புக் காலத்தையும் படித்து வைத்துக்கொள்வது நல்லது. தெரிந்துவைத்திருப்பதே அச்சத்தைக் கணிசமாகக் குறைக்கும்.

வேலை இழந்தபின் தகுதிபெறுவோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை வழங்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. இந்தியச் சமூகத்தினர் குடும்ப ஆதரவுக்குச் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை நாடலாம். மனம் தாங்க முடியாத நிலைக்குப் போய்விட்டால் காலம் தாழ்த்தக் கூடாது. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 என்ற எண்ணும், தேசிய மனநல உதவி எண்ணான 1771உம் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, மனநலம் குறித்த முத்தரப்பு வழிகாட்டி 2020 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஐவொர்க்ஹெல்த் என்ற இலவச இணையக் கருவியால் ஊழியர்களின் அழுத்தத்துக்கான காரணங்களை அளந்தறியவும் முடியும். ஆனால் நான் முன்பு கூறிய கரசெக்கின் விளக்கத்தை நினைவுகூர்ந்தால், மதிய உணவு நேரத்தில் ஒரு யோகா வகுப்பை ஏற்பாடு செய்வதோடு கடமை முடியாது என்பது புரியும். மூவர் செய்த வேலையை இருவர் செய்யவேண்டுமென்றால், எந்த வேலையை இனிச் செய்ய வேண்டாம் என்பதையும் மேலாளர் சொல்ல வேண்டும். சுமையைக் குறைக்க இயலாத இடத்தில், வேலையை எந்த வரிசையில், எந்த நேரத்தில், எங்கிருந்து செய்வது என்பதை ஊழியரிடமே விடலாம். அந்தச் சிறு உரிமையும் உடலளவில் உணரப்படும்.

சரிவு முடிந்ததாக அறிவிக்கப்படும் நாளோடு இவையெல்லாம் நின்றுவிடுவதில்லை. ஏற்றுமதி மீண்டாலும் நிறுவனங்கள் உடனே ஆள் எடுப்பதில்லை; முதலில் இருப்பவர்களைக் கொண்டே கூடுதல் வேலையைச் சமாளிக்கின்றன. எனவே எஞ்சியவர்களின் சுமை, பொருளியல் வளரத் தொடங்கிய மாதங்களில் உச்சத்தைத் தொடக்கூடும். மந்தநிலை ஆண்டில் படிப்பை முடித்து வெளிவரும் இளையர்களுக்கு அதன் தாக்கம் இன்னும் நீள்கிறது. கனடாவில் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, அத்தகையோர் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தனர் என்றும், ஐந்து ஆண்டுகளில் அந்த இடைவெளி பாதியாகி, முற்றிலும் மறையப் பத்தாண்டுகள் ஆயின என்றும் கண்டது. பெரும்பாலானோர் ஈடுகட்டிய வழி, முதலில் கிடைத்த சிறிய நிறுவனத்திலிருந்து படிப்படியாக மேலான வேலைகளுக்கு மாறியதே. 2020இல் பட்டம் பெற்ற பிள்ளை மூன்றாவது முறையாக வேலை மாறுகிறதே என்று வருந்தும் பெற்றோர் இதைக் கருத்தில் கொள்ளலாம்.